உங்கள் பக்கங்களிலிருந்து ரோஜாவை எடுத்தாயிற்று

என் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தியம்மா மரகதத்துக்கு,

நீங்கள் போய் வருசம் ஒன்று ஆகப் போகிறது. திதிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க உங்கள் மகன் ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறார். அதில் எனக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தார், நாலு ஓரத்திலும் ரோஜாப்பூ போட்ட கட்டம். "ரெண்டு வரி சொல்லுங்க அத்தை, நான் டைப் பண்ணிக்கறனுங்க" என்றார். ரெண்டு வரியில் சொல்லி முடிக்க நீங்கள் என்ன பஸ் டிக்கெட்டா?

அதனால் நானே எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனால் அந்த அஞ்சும் உருப்படியாகப் படித்தவள். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இது யார் எழுதியது என்று கேட்காதவர்கள் கிடையாது. சொந்தபந்தம் எல்லோரும் இதை வாசிப்பார்கள் என்பதும் தெரியும். வாசிக்கட்டும்.

மருமகன் முன்னால் மாமியார் வாய் திறந்து ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். அதை நான் இந்த நாள்வரை மீறியதில்லை. அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறேன். முதல் தோசை அவர் தட்டுக்குத்தான் போகிறது. ஆனால் அவரைப் பெற்றவளிடம் அவரைப் பற்றிச் சொல்லக் கூடாது என்று எந்த வழக்கத்திலும் இல்லை. அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். உங்கள் பையன் செய்த கூத்தைக் கேளுங்கள்.

உங்களுக்குப் பேனா பிடிக்க வராது, பேச வரும். கடைசி ரெண்டு வருசம், முழங்கால் வலியோடு கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி, டவுனில் கணபதி ஏரியாவில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த சுமதியிடம் போய் உட்கார்ந்து உங்கள் கதையைச் சொன்னீர்கள். அவள் கேட்கக் கேட்கத் தட்டினாள். "தொணைக்கு நானும் வாரனுங்க" என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க வந்தா நான் பேசறதுக்கு நடுவால நீங்க பேசுவீங்க, வேண்டாமுங்க" என்றீர்கள். அது உண்மைதான், இருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அத்தனையையும் சுமதி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். அதை நீங்கள் பீரோச் சாவிக் கொத்தில் கோர்த்து இடுப்பில் சொருகிக்கொண்டீர்கள். "நான் போன பொறவு படிங்க" என்று சொல்லிவிட்டீர்கள். போனீர்கள். சாவிக் கொத்து மகன் கைக்கு வந்தது.

உங்கள் மகன் இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார் என்பதை நீங்கள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர். அங்கே மாணவர்களுக்குக் கொடுக்கிற சான்றிதழ்களுக்கெல்லாம் ஓரம் போடுகிறவர் இவர்தானாம். அது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நான் கண் வைத்தியத்துக்காக ஆர்.எஸ்.புரத்தில் மகள் கலா வீட்டில் தங்கியிருந்தேன். அதனால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். பார்க்காதே என்று டாக்டர் சொன்ன கண்ணால் பார்த்தேன்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து முதல் நாள் முழுக்க ரோஜா தேடினார்.

"ஏனுங்க அத்தை, இந்த ரோசா நல்லாருக்குதுங்களா, அந்த ரோசா நல்லாருக்குதுங்களா?"

"ரெண்டும் ரோசாதானுங்களே மாப்பிள்ளை."

"இது கொஞ்சம் கிராண்டா இருக்குதுங்க."

"சம்பந்தியம்மா உள்ள என்ன சொல்லியிருக்காங்கன்னு படிச்சீங்களா?"

"படிக்கோணுங்க. டிசைன் முடிஞ்சிரட்டும், ஆற அமரப் படிச்சுக்கலாமுங்க."

டிசைன் முடியவில்லை. எப்படி முடியும்? ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாகச் சிங்காரித்தார். ஒன்றுக்கு மெரூன் கலர், அடுத்ததற்குப் பச்சை. ஒன்றுக்கு நிழல் விழ வேண்டுமாம். நேற்றுப் போட்ட பச்சை எந்தப் பச்சை என்று இன்றைக்கு மறந்துபோய், முதலிலிருந்து எல்லாவற்றையும் மாற்றினார். தலைப்பு நடுவில் வர வேண்டுமென்றால் கீபோர்டில் இருக்கிற அந்த நீளக் கட்டையை டக் டக் டக்கென்று தட்டி எழுத்தைத் தள்ளிக்கொண்டே போவார். அடுத்த பக்கம் வேண்டுமென்றால் இன்னொரு கட்டையைத் தட்டித் தட்டி இறக்குவார். ஊர்க்கிணற்றில் வாளி விடுகிறவன்கூட இவ்வளவு இறக்கமாட்டான்.

அப்புறம் உங்கள் கல்யாணப் படத்தை நடுவில் வைத்தார். அவ்வளவுதான், பின்னால் இருந்த பக்கம் எல்லாம் சரிந்தது. தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் அதற்குரிய விஷயம் அடுத்த பக்கத்திலுமாக, பந்தியில் இடம் கிடைக்காமல் நிற்கிற விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது. மறுபடியும் டக் டக் டக்.

"ஒரு படம் வெச்சா இத்தனையும் நகருமுங்களா?" என்று கேட்டுப்போட்டேன்.

"அது அப்படித்தானுங்க அத்தை. வேர்டு அப்படித்தான்."

கலா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, அவருக்கு இதெல்லாம் அத்துப்படி. உனக்குத் தெரியாத சோலியில தலை விடாத."

எனக்குத் தெரியாத சோலிதான். ஆனால் சம்பந்தியம்மா, நீங்கள் ஓட்டினது காடாத் தறி. நூலை வெறும் வெள்ளையாக நெய்து காடாத் துணியாகக் கொடுப்பீர்கள். அதற்கு என்ன சாயம், என்ன பூ என்பதெல்லாம் வாங்கிக்கொண்டு போகிறவன் பாடு. அந்தத் துணியைத் தொட்டிலாகக் கட்டி வளர்த்த பிள்ளை, நெய்வதற்கு முன்னாலேயே சாயம் போட உட்கார்ந்திருக்கிறாரே, இதை எங்கே கற்றார்? காலேஜிலா?

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் அஞ்சலி அனுப்பினார்கள். அதை அனுப்பினார்கள் என்று சொல்வதே பெரிய மரியாதை. ஒருத்தர் "ஆலமரமே சாய்ந்தாயே" என்று போனில் எழுதினார். அடுத்த நாலு பேர் அதையே அனுப்பினார்கள். ஒருத்தர் சாய்ந்தாயே என்பதற்கு மேல் அழுகிற பொம்மை ஒன்று சேர்த்திருந்தார், அந்த அளவுக்கு உழைத்திருக்கிறார். இதில் ஒருத்தராவது உங்களோடு ஒரு வேளை உட்கார்ந்து பேசியவரா? உங்களுக்கு டீயில் எத்தனை சர்க்கரை என்று தெரிந்தவரா? எல்லோருக்கும் ஆளுக்கொரு ரோஜாக் கட்டம்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. எல்லாம் முடிந்தது, கடைசியாக எழுத்தை மட்டும் கல்யாணப் பத்திரிகையில் வருகிற மாதிரி வளைவு நெளிவான எழுத்தாக மாற்றிவிடுகிறேன் என்றார். புத்தகம் முழுவதையும் ஒட்டுக்காப் பிடித்தார், தட்டினார். அவர் கையால் அடித்த தலைப்பெல்லாம் வளைந்து நெளிந்து தமிழாக நின்றது. தலைப்புக்குக் கீழே நீங்கள் சொன்னது ஒரு எழுத்தும் இல்லை. அந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமாக, எறும்பு ஊர்ந்த மாதிரி கிறுக்கல்.

பதறிப்போய் சேவ் பண்ணினார், மூடினார், திறந்தார். கிறுக்கல்தான். வேறே வேறே எழுத்தெல்லாம் மாற்றிப் பார்த்தார். கிறுக்கல் கிறுக்கலாகவே இருந்தது. வேறு நகல் இல்லை. பென் டிரைவிலேயே அத்தனை வேலையும் பார்த்திருக்கிறார். சுமதியோ கடையை மூடிவிட்டு மகளோடு எங்கோ போய்விட்டாள்.

"அம்மா சொன்னது அத்தனையும் போச்சுங்க அத்தை. ஃபைல் கரப்ட் ஆயிருச்சு" என்றார்.

முழங்கால் வலியோடு பஸ் ஏறி ஏறிச் சொன்னீர்களே, அதுவா போச்சு? நீங்கள் ரெண்டாம் தடவை செத்த மாதிரி இருந்தது எனக்கு. ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. அதற்குள் உங்கள் மகன் சொன்னார்: "நல்லவேளை, பார்டர் எல்லாம் அப்படியே இருக்குதுங்க. அந்தக் கிறுக்கலை எடுத்துப்போட்டு அஞ்சலியை வெச்சு ரொப்பிரலாம். நீங்க ரெண்டு வரி சொல்லுங்க."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். போகாமல் இருந்திருந்தால் நம் பக்கத்து வழக்கம் அன்றைக்கு உடைந்திருக்கும்.

பேத்தி நிவி சனிக்கிழமை வந்தாள். உங்களுக்குத் தெரியும், கணபதியில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் அவளுக்கு வேலை. மோட்டாரோடு கூடவே பெட்டிக்குள் வருகிறதே, எப்படி மாட்டுவது, எப்படி ஓட்டுவது என்ற புத்தகம், அதை எழுதுகிற வேலை. யாரும் பிரித்துப் பார்க்காத புத்தகத்தை எழுதுவதற்குச் சம்பளமா என்று நானும் நீங்களும் உட்கார்ந்து சிரித்திருக்கிறோம். அவள் எழுதுவதை ஒருமுறை காட்டினாள். ஒரு பூ இல்லை, கலர் இல்லை, மொட்டையாக இருந்தது. இதற்காகவா இவ்வளவு படித்தாய் என்று கேட்டேன்.

அந்த மொட்டைக்காரிதான் வந்து லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"அமுச்சி, எழுத்து எங்கேயும் போகலைங்க. சட்டையைத்தான் அப்பா மாத்திப்போட்டிருக்காரு."

"என்ன கண்ணு சொல்ற?"

"சுமதியக்கா பழைய காலத்து ஃபான்டுல அடிச்சிருக்காங்க. உள்ள இருக்கறது பூராவும் இங்கிலீஷ் எழுத்துதானுங்க. அது மேல தமிழ் மாதிரி தெரியற சட்டையைப் போட்டு உட்டிருக்காங்க. அப்பா அந்தச் சட்டையைக் கழட்டிட்டு வேற சட்டை போட்டாரு. உள்ள இருந்த இங்கிலீஷ் வெளிய வந்துருச்சு."

"அப்ப அந்தச் சட்டையையே திருப்பிப் போடு அம்மணி."

"போடலாமுங்க. ஆனா நாளைக்கு இன்னொருத்தரு கழட்டுனா மறுபடியும் போயிரும். உள்ளேயே தமிழா மாத்திரலாம். பொறவு எந்தச் சட்டை போட்டாலும் அப்பத்தா அப்பத்தாவாவே இருப்பாங்க."

உங்கள் மகன் சோபாவில் உட்கார்ந்து, "அதெல்லாம் நான் ட்ரை பண்ணிட்டேன் நிவி, ஆகாது" என்றார். அவள் பாட்டுக்கு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பொறுமை அவளுக்கு உங்களிடமிருந்து வந்தது. என்னிடமிருந்து வந்திருக்க வழியில்லை.

முதலில் அத்தனை சிங்காரத்தையும் ஒரே தட்டலில் கழற்றினாள். மெரூன் போச்சு, பச்சை போச்சு, நிழல் போச்சு. உங்கள் மகன் "ஐயோ" என்றார். அம்மாவின் பேச்சு போச்சு என்றபோது அவர் வாயில் வராத ஐயோ. அப்புறம் அந்தக் கிறுக்கலை எடுத்து எதிலோ போட்டு மாற்றினாள். அங்கங்கே ஒரு கொம்பும் காலும் இடம் மாறியிருந்தன. மற்றபடி வரி வரியாக, மொட்டையாக, தமிழ். முதல் வரியே "நான் மரகதம் பேசறனுங்க" என்று இருந்தது. எனக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் தண்ணீர் வந்தது.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். அவள் கலர் எதுவும் தொடவில்லை. இது தலைப்பு, இது விஷயம், இது படத்துக்குக் கீழே வருகிற வரி என்று ஒவ்வொன்றுக்கும் அது இன்னதென்று மட்டும் சொல்லிக்கொண்டே போனாள். "தலைப்பு எப்படித் தெரியோணுங்கறதை ஒரே ஒரு எடத்துல சொன்னாப் போதுமுங்க அமுச்சி, எல்லாத் தலைப்பும் கேட்டுக்கும்" என்றாள். உங்கள் மகன் நாள்கணக்கில் டக் டக்கென்று தட்டினதை நினைத்துக்கொண்டேன்.

அப்பனுக்கு மனசு நோகக் கூடாது என்று அவர் ஆசைப்பட்ட ரோஜாவையும் மறுபடி போட்டாள். அதையும் ஒரே இடத்தில்தான் போட்டாள், எல்லாப் பக்கத்திலும் பூத்துக்கொண்டது. பிழை பார்க்க வேண்டும், சத்தமாகப் படிக்கிறேன் என்றாள். கலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். உங்கள் மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது இந்தப் பக்கம் வந்தது. நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"எங்கூட்டுக்காரரு போனன்னைக்கு ஊடு முட்ட ரோசாப்பூ மாலை. நூல் கடைக்காரரு, மில்லுக்காரரு, சொந்தக்காரரு, அல்லாரும் ரோசாதான். தூக்கிட்டுப் போன பொறவும் அந்த வாசம் போகல. காரியம் முடிஞ்சு தறிக் குடோனைத் தொறந்தேன். ஆளுக ஒருத்தரும் வரல. பொம்பளைகிட்ட நின்னு கூலி வாங்கறதான்னு இருந்துபோட்டாங்க. நானே தறியை ஓட்டினேன். நூல்ல ரோசா வாசம், துணியில ரோசா வாசம், என்ற கையில ரோசா வாசம். அன்னையிலிருந்து அந்தப் பூ எனக்கு ஆகாது. ஆராச்சும் குடுத்தா வாங்கி ஓரமா வெச்சுருவேன். ஏன்னு சொன்னதில்லீங்க. சொன்னா அழுகை வரும். அழுதா தறி நின்னுரும்."

நிவி நிறுத்தினாள். அந்தப் பக்கத்தைச் சுற்றி நாலு ஓரத்திலும் ரோஜா. கிராண்டான ரோஜா.

சம்பந்தியம்மா, நிச்சயதார்த்தத்தன்று நாங்கள் வைத்த தட்டில் இருந்த ரோஜாவை எடுத்து நீங்கள் ஓரமாக வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டுப் பூ உங்களுக்கு இளப்பமாகப் போய்விட்டதா என்று எத்தனை வருசம் மனசுக்குள் வைத்திருந்தேன் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? முழங்கால் வலியை மட்டும் நாள் தவறாமல் சொன்னீர்களே.

உங்கள் மகன் போனைக் கீழே வைத்தார். பெரிய படிப்புப் படித்த மனுசன், தாய் சொன்ன ஒவ்வொரு எழுத்துக்கும் அளவும் கலரும் பார்த்தவர், அதில் ஒரு வரியையும் அதுவரை படிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு நியாயமாகச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க அத்தை" என்றார்.

"படிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க மாப்பிள்ளை." வழக்கம் உடைந்ததென்றால் அந்த ஒரு வரியில்தான் உடைந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், அல்லது சிரித்துக்கொள்ளுங்கள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பா போனன்னைக்கு அம்மா என்னை மடியிலயே வெச்சிருந்தாங்க. கீழ கெடந்த ரோசா இதழையெல்லாம் பொறுக்கி என்ற கையில குடுத்துட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு மடி கெடைக்கலீங்க அத்தை. எந்நேரமும் தறிக் குடோன்தான். எனக்கு அம்மா மடின்னா அந்த வாசம்தானுங்க. அதுதான் அந்தப் பூ."

கலா அழுதாள். நிவி அப்பன் தோளில் கை வைத்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? எனக்குக் கோபம்தான் இன்னும் ஏறியது. இவ்வளவு பெரிய விஷயத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, இந்த மனுசன் ஓரத்தில் பூப் படம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார்!

"இதை எழுதினீங்களா?" என்றேன்.

"எங்கீங்க?"

"இந்தப் புத்தகத்துலதானுங்க. அஞ்சு ஆலமரம் சாய்ஞ்சிருக்குது. பெத்த பையன் எழுதினது எந்தப் பக்கமுங்க?"

நிவி தேடிப் பார்த்தாள். கடைசி அட்டையில் ஒரு வரி இருந்தது. "வடிவமைப்பு: அன்பு மகன்." அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவர் எழுத உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கை எழுத்து மாற்றுகிற இடத்துக்குத்தான் போனது. "அப்பா, மொதல்ல எழுதுங்க" என்றாள் நிவி. எழுதினார். முக்கால் பக்கம். எழுதியதை நான் வாங்கி முழுசாகப் படித்தேன். பரவாயில்லை. ரெண்டு இடத்தில் வேண்டாத பேச்சு, அதை எடுக்கச் சொன்னேன், எடுத்தார். எழுதி முடித்ததும் அவரே சொன்னார், "அந்தப் பூவை எடுத்துரு கண்ணு." நிவி ஒரே இடத்தில் தட்டினாள். அத்தனை பக்கத்து ரோஜாவும் ஒரே மூச்சில் போய்விட்டது. நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தும் நகரவில்லை.

இப்போது உங்கள் புத்தகம் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக, நீங்கள் நெய்த காடாத் துணி மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஆலமரக்காரர்களை எல்லாம் சேர்த்து ஒரே பக்கத்தில் போட்டுவிட்டோம், அவர்களுக்கு அது போதும். மாதிரிக்குப் போனில் அனுப்பியதைப் பார்த்துவிட்டு ஒரு மாமா கூப்பிட்டு, "என்னுங்க, புத்தகம் இப்படி மொட்டையா இருக்குது, காசு பத்தலீங்களா?" என்று கேட்டாராம். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல் என்று நிவியிடம் சொன்னேன். இன்னும் போன் வரவில்லை. வராது.

எனக்குக் கொடுத்த ரெண்டு வரிக் கட்டத்தில் இது அடங்கவில்லை. கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி நிவியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மகன் இதை அச்சுக்குப் போகும் முன்னால் படிப்பார். படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதியிருக்கிறேன். முதல் தோசை இனிமேலும் அவர் தட்டுக்குத்தான் போகும், அதில் மாற்றம் இல்லை.

திதியன்று கருமத்தம்பட்டி வீட்டு வாசலில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ரோஜா மாலையோடு யார் வந்தாலும் அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, செவ்வந்தி கொடுத்து உள்ளே அனுப்புவேன். வருகிறவர் எவ்வளவு பெரிய மனுசராக இருந்தாலும் சரி. எல்லோரும் உட்கார்ந்த பிறகு உங்கள் பக்கத்தை நான் சத்தமாகப் படிப்பேன், அதற்கு அடுத்து உங்கள் மகன் எழுதியதை அவர் படிப்பார். நடுவில் நான் பேசமாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு, நம்புங்கள்.

உங்கள் மகனுக்கு மாமியார், உங்கள் பேத்திக்கு அமுச்சி, உங்களுக்கு என்றைக்கும் சம்பந்தி,
ராமாத்தாள்